வெனிஸ், ரோம், இஸ்தான்புல் பார்த்து வந்தோம். வெனிஸ் எனக்குப் பிடிக்கவில்லை (அடிக்க வராதீர்கள்)

வேளிமலை நிழல்:

மூன்று வாரம் இந்தப் பக்கம் வரவில்லை, யாரும் தேடியதாகவும் தெரியவில்லை. பரவாயில்லை. மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன சாக்கில் நானும் வீட்டுக்காரியும் வெனிஸ், ரோம், திரும்பும் வழியில் இஸ்தான்புல் என்று மூன்று ஊர் பார்த்துவிட்டு வந்தோம். எனக்கு 61 வயது, அதுவரை நான் போன அதிகபட்ச தூரம் டெல்லி. உலகம் சுற்றியவன் மாதிரி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

வெனிஸில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து படியில் நின்றால் எதிரே ரோடு இல்லை, தண்ணீர். பஸ் வரவேண்டிய இடத்தில் படகு வருகிறது. வீட்டுக்காரி பெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கார் கிடையாது, பைக் கிடையாது, குப்பை அள்ள வருவதும் படகு, ஆம்புலன்ஸும் படகு. டிக்கெட் ஆளுக்கு 9.50 யூரோ, 75 நிமிஷம் செல்லும். அந்தக் காசுக்கு நாகர்கோவில் வடசேரியிலிருந்து கன்னியாகுமரிக்கு எத்தனை தடவை போய் வரலாம் என்று கணக்குப் போடாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

முதல் நாள் முழுக்க வாயைப் பிளந்துகொண்டுதான் நடந்தோம். இரண்டாம் நாள் ராத்திரி எட்டரை மணி இருக்கும், பகலில் வந்த கூட்டம் ரயில் ஏறிப் போய்விட்டது, சாப்பிட்டுவிட்டு நடந்து வருகிறோம், சும்மா தலையைத் தூக்கிப் பார்த்தால் மூன்று மாடி நாலு மாடிக்கு வரிசையாக ஜன்னல்கள், ஒன்றிலும் வெளிச்சம் இல்லை. ஒரு சந்தில் நின்று எண்ணினேன். 20க்கு மேல் ஜன்னல், இரண்டில் விளக்கு. அந்த ஊரில் ஒரு மருந்துக்கடைக் கண்ணாடியில் மின்னணுப் பலகை வைத்திருக்கிறார்கள், தீவில் இன்றைக்கு எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று அதில் எண் ஓடும். 1951-ல் கிட்டத்தட்ட 1,75,000 பேர் இருந்த இடம், 2022-ல் 50,000-க்குக் கீழே போய்விட்டது. சாயங்காலம் பத்மநாபபுரம் கொட்டாரத்துக்குள் (பழைய அரண்மனை) நம்மை மறந்து பூட்டிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அழகு எல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் அடுப்பு எரியாது. எனக்கு அப்படித்தான் இருந்தது.

இஸ்தான்புல்லில் அதற்கு நேர் எதிர். ஐந்தாம் நூற்றாண்டில் கட்டிய கோட்டைச் சுவர், 1453-ல் சுல்தான் மெஹ்மத் உடைத்துக்கொண்டு உள்ளே வந்தாரே அதே சுவர், கிலோமீட்டர் கணக்கில் நிற்கிறது. எதிரியைத் தடுக்க வெட்டிய அகழியில் என்ன இருக்கிறது தெரியுமா, கீரைப்பாத்தி! லெட்டூஸ், வெங்காயம், முள்ளங்கி. சில இடங்களில்தான் மிச்சம் இருக்கிறது, பல இடத்தில் எடுத்துவிட்டார்களாம். ஒரு வயதான மனுஷர் ரப்பர் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், எங்கள் வயக்காட்டில் அப்பா நின்றதுபோலவே ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஒரு கட்டுக் கீரை வாங்கினோம். சமைக்க வழியில்லை, ஓட்டலில் கழுவி உப்புத் தொட்டுத் தின்றோம். மூன்று வாரத்தில் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் நினைவில் நிற்கிறது.

ரோம் பற்றி எழுத இங்கே ஆட்கள் இருப்பார்கள், நான் விட்டுவிடுகிறேன். மூன்று நாள் போதவில்லை, கால்தான் போதும் என்றது.

நீங்கள் போய் வந்த தூரத்து ஊர்களைச் சொல்லுங்கள். கட்டடத்தை கூகிளில் பார்த்துக்கொள்ளலாம், அங்கே நின்றபோது என்ன தோன்றியது என்பதை எழுதுங்கள்.

வடசேரி சாயா:

அண்ணாச்சி, வாழ்த்துகள். நான் திருச்செந்தூருக்கு அந்தப்பக்கம் போனதில்லை, ஆனாலும் கேள்வி கேட்க உரிமை உண்டு என்று நினைக்கிறேன். (1) மொத்தம் எவ்வளவு ஆயிற்று? (2) சாயா எப்படி? (3) கீரையை உப்புத் தொட்டுத் தின்றீர்கள் என்றால் மயினி ஒன்றும் சொல்லவில்லையா?

வேளிமலை நிழல்:

(1) வீட்டுக்காரி இந்தத் தளத்தைப் படிக்கிறாள், சொல்ல முடியாது. (2) இஸ்தான்புல்லில் இடுப்பு ஒடுங்கின சின்னக் கண்ணாடி கிளாஸ், பால் கிடையாது, கட்டன் சாயாதான். மணிக்கு ஒரு தடவை குடிக்கிறார்கள். படகில் ஐரோப்பாக் கரையில் ஏறி ஆசியாக் கரையில் இறங்குவதற்குள் ஒரு கிளாஸ் முடிந்துவிடும். (3) அவள்தான் முதலில் தின்றாள்.

முட்டம் மாலுமி:

இஸ்தான்புல்லை நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. கப்பல்காரன் பிழைப்பு அது. கருங்கடலில் கோதுமை ஏற்றிக்கொண்டு பாஸ்போரஸ் நீரிணை வழியாக இறங்குவோம். 30 கிலோமீட்டர் நீளம், குறுகலான இடத்தில் 700 மீட்டர்தான் அகலம், நீரோட்டம் வேறு இழுக்கும், வளைவுக்கு வளைவு வழிகாட்ட ஏறும் பைலட் குரல் மாறும். இரண்டு பக்கமும் வீடு, பால்கனியில் துணி காய்கிறது, ஒரு அம்மா சட்டியைக் கழுவி ஊற்றுகிறாள், நான் 180 மீட்டர் கப்பலின் முன்பக்கத்தில் நங்கூரத்துக்குக் காவல் நிற்கிறேன். கடைசியில் வலது கைப் பக்கம் குன்றின்மேல் ஹாகியா சோபியா, அடுத்து நீல மசூதி. அஞ்சு நிமிஷம், போயிற்று. கோட்டைச் சுவருக்குக் கீழே கீரை இருக்கிறது என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

இறங்கிப் பார்த்த ஊர் என்றால் அலெக்சாந்திரியா, ஆறு மணி நேரம். எல்லாரும் பிரமிடு பிரமிடு என்பார்கள், கெய்ரோவுக்குப் போய்வர நேரம் இல்லை. நான் நேராகப் போனது பழைய கலங்கரை விளக்கம் இருந்த இடத்துக்கு. 100 மீட்டருக்கு மேல் உயரமாக நின்றது, பூகம்பத்தில் விழுந்தது. 1477-ல் சுல்தான் கைத்பே அதே இடத்தில் கோட்டை கட்டத் தொடங்கினார், விழுந்து கிடந்த கல்லையும் எடுத்துச் சுவரில் சேர்த்திருக்கிறார்கள். கோட்டைக்குக் கீழே பாறையில் பத்துப் பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நம்ம முட்டம் விளக்குக்குக் கீழே சின்ன வயசில் நாங்கள் உட்கார்ந்ததுபோல. நானும் உட்கார்ந்தேன், ஒருத்தன் தூண்டிலைக் கையில் தந்தான், பாஷை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மீன் கிடைக்கவில்லை.

குளச்சல் கரை:

நான் நெதர்லாந்தில் மேற்படிப்பு, இரண்டாம் வருஷம். ஆம்ஸ்டர்டாம் 40 நிமிஷ ரயில்.

குளச்சல்காரன் அங்கே போனால் எதைத் தேடுவான் என்று சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயசிலிருந்து கடற்கரையில் அந்த வெற்றித் தூணைப் பார்த்து வளர்ந்தவன். 1741-ல் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரனைத் தோற்கடித்தார், மிளகுக்காக வந்த சண்டை என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுக் கேட்டுப் புளித்தவன். அந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைக் கட்டடம் இன்னும் அப்படியே இருக்கிறது, இப்போது பல்கலைக்கழக வகுப்பறை. முற்றத்தில் போய் நின்றேன். சைக்கிள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மிளகு, ஏலம், கிராம்பு எல்லாவற்றுக்கும் விலை பேசிய இடத்தில் ஒரு பெண் சாண்ட்விச் தின்றுகொண்டு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கப்பல் அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்துக் கம்பெனிக் கப்பலை மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அசல் கப்பல் 1749-ல் முதல் பயணத்திலேயே இங்கிலாந்துக் கரையில் தட்டிப் போயிற்று. உள்ளே அடித்தட்டில் தலை நிமிர முடியாது. இதில் எட்டு மாசம் படுத்து வந்தவன் குளச்சல் மணலைப் பார்த்ததும் என்ன நினைத்திருப்பான் என்று முதல் தடவையாக அவன் பக்கத்திலிருந்து யோசித்தேன்.

கூடப் படிக்கும் டச்சுப் பையனிடம் குளச்சல் சண்டையைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒன்று நடந்ததே அவனுக்குத் தெரியாது. கொஞ்சம் அவமானமாக இருந்தது, ஜெயித்தவனுக்கு! நமக்குத் தூண், பட்டாளத்து மரியாதை, வருஷா வருஷம் விழா. அவர்களுக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு நஷ்டக் கணக்கு.

அப்புறம் வெனிஸ். மன்னிக்கவும் அண்ணாச்சி, நீங்கள் எழுதியதில் ஒன்று இடிக்கிறது. ஆட்கள் ஏன் போனார்கள்? வீட்டு வாடகை ஏறியதால். வாடகை ஏன் ஏறியது? வீடெல்லாம் பயணிகளுக்குத் தங்கும் அறையாக மாறியதால். நீங்கள் எங்கே தங்கினீர்கள்?

வேளிமலை நிழல்:

நல்ல கேள்வி மக்ளே. நேற்றே படித்தேன், பதில் எழுத ஒரு நாள் ஆயிற்று.

ஓட்டல் விலை அதிகம் என்று மகள் ஒரு வீடு பிடித்துத் தந்தாள். இரண்டாம் மாடி, சின்ன அடுக்களை, பழைய மரப் பீரோ. கீழே வாசலில் ஆறு அழைப்புமணி. முதல் நாள் கவனிக்கவில்லை, கடைசி நாள் டாக்சிப் படகுக்குக் காத்திருந்தபோது வாசித்துப் பார்த்தேன். ஐந்து பித்தானில் வாடகை அறையின் விளம்பரப் பெயர், ஒன்றில் மட்டும் ஒரு குடும்பப் பெயர். எங்கள் ஜன்னலில் எரிந்த விளக்கைக் கணக்கில் சேர்க்காமல்தான் நான் ராத்திரி மற்ற ஜன்னல்களை எண்ணியிருக்கிறேன்.

இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

முக்கடல் முனை:

அண்ணாச்சி, இதற்கு வெனிஸ் வரை போகவேண்டாம். நான் கன்னியாகுமரியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. எங்கள் தெருவில் ஜன்னல் எல்லாம் எரியும், எல்லாம் லாட்ஜ் விளக்கு. நாலு மணிக்கு சூரிய உதயம் பார்க்கக் கூட்டம் கிளம்பும்போது ஹார்ன் சத்தத்தில்தான் எங்களுக்கு விடிகிறது. கண்ணாடிப் பாலம் வந்தபிறகு கேட்கவே வேண்டாம். என் கூடப் படித்தவர்களில் தெருவில் மிச்சம் இருப்பது நானும் இன்னொருத்தனும். அவனும் லாட்ஜ்தான் நடத்துகிறான். வெனிஸில் பகல் கூட்டத்துக்கு 2024-லிருந்து குறிப்பிட்ட நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் போட்டிருக்கிறார்களாமே, செய்தியில் பார்த்தேன். நம்மூரில் போட்டால் முதலில் எதிர்ப்பது என் நண்பன், இரண்டாவது நான். எங்கள் வீட்டு மாடியிலும் இரண்டு ரூம் இருக்கிறது.

வடசேரி சாயா:

இந்த இழையில் குற்றவாளிகள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

கோட்டாற்றுக்காரி:

ரோம் எழுத ஆள் இல்லையா? நான் இருக்கிறேன். 2022 மே மாசம், தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது பங்கிலிருந்து ஒரு குழுவாகப் போனோம். மே 15, ஞாயிற்றுக்கிழமை. பேதுரு சதுக்கத்தில் அன்றைக்குப் பத்துப் பேருக்குப் பட்டம், பத்துப் பேர் படமும் கோயில் முகப்பில் தொங்குகிறது, அதில் ஒன்று நம்ம நட்டாலத்து ஆள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. பின்னால் ஒரு அம்மாள் "எக்கா, குடையைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடியுங்க, மறைக்கு" என்று சொன்னார், திரும்பிப் பார்த்தால் ஆரல்வாய்மொழிக்காரர். ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் 1752-ல் சுட்டுப்போட்ட மனுஷனுக்கு அங்கே லத்தீனில் பாட்டுப் பாடினார்கள். நான் அழுதேன், மறைப்பானேன்.

குளச்சல் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ தேடின டச்சுக்காரன் கதையும் இதில் வருகிறது. குளச்சலில் பிடிபட்ட டிலனாய் மகாராஜாவின் படைத் தளபதி ஆனாரே, அவர்தானே தேவசகாயம் பிள்ளைக்குக் கிறிஸ்து வேதத்தைப் பற்றி முதலில் சொன்னவர். ஆம்ஸ்டர்டாமில் அவரைத் தெரியாது என்கிறாய். ரோமில் அன்றைக்கு நின்ற எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மற்ற நாளெல்லாம் பயண ஏற்பாட்டுக்காரர் கையில். பேரைச் சொல்ல மாட்டேன். கொலோசியத்துக்கு வெளியே நின்று போட்டோ எடுக்க 20 நிமிஷம், தோல் பை விற்கிற கடைக்குள்ளே இரண்டு மணி நேரம். கேட்டால் அட்டவணை என்றார். ஒருநாள் நாங்கள் நாலு பெண்கள் சொல்லாமல் பிரிந்து போய்விட்டோம். அப்படித்தான் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலைப் பார்த்தது. வழியெல்லாம் தெருவில் இரும்புக் குழாயில் குடிதண்ணீர் நிற்காமல் கொட்டுகிறது, கீழே கையை வைத்து அடைத்தால் மேலே இருக்கிற சின்னத் துளை வழியாகப் பீச்சும், அதில் வாயை வைத்துக் குடிக்க வேண்டும். ஒரு பையன் சொல்லித் தந்தான். போத்தல் தண்ணீருக்கு அதுவரை நாங்கள் கொடுத்த காசை நினைத்து வயிறு எரிந்தது.

பாந்தியன் மேற்கூரையில் நடுவில் ஓட்டை. கண்ணாடி கிண்ணாடி ஒன்றும் இல்லை, வானம். நாங்கள் இருந்தபோது தூறல் விழுந்தது. உள்ளே நடுவட்டத்தில் மட்டும் மழை, சுற்றி நாங்கள் நனையாமல் நிற்கிறோம், தரையில் துளைகள் இருக்கின்றன, தண்ணீர் அதில் இறங்கிவிடுகிறது. நாலுகெட்டு வீட்டு நடுமுற்றத்தில் மழை விழுவதைச் சுற்றி நின்று பார்ப்போமே, அம்மாச்சி வீட்டில் பார்த்த அதே மழை.

தக்கலை தச்சன்:

அந்தக் கூரை பற்றிச் சொல்கிறேன். நான் மரவேலைக்காரன், கான்கிரீட் நம்ம தொழில் இல்லை, ஆனால் துபாயில் பன்னிரண்டு வருஷம் ஷட்டரிங் வேலை செய்திருக்கிறேன். பாந்தியன் குவிமாடம் 43.3 மீட்டர் குறுக்களவு, உள்ளே கம்பி கிடையாது. 1,900 வருஷமாக நிற்கிறது. அடியில் 6 மீட்டருக்கு மேல் கனம், மேலே ஓட்டைப் பக்கம் ஒன்றேகால் மீட்டர்தான். கீழே கனமான கல் சேர்த்தார்கள், மேலே போகப்போக நுரைக்கல் மாதிரி லேசான எரிமலைக் கல். நாங்கள் கம்பி கட்டி, பம்பு வைத்து ஊற்றி, 28 நாள் காத்திருந்து எழுப்பியது 60 வருஷம் தாங்கினால் அதிகம் என்கிறார்கள்.

வெனிஸும் ஆம்ஸ்டர்டாமும் மரத்தின்மேல் நிற்பது தெரியும்தானே? சேற்றில் மரக்காலை அடித்து இறக்கி அதன்மேல் கல். ஆம்ஸ்டர்டாம் அரண்மனைக்கு அடியில் மட்டும் 13,659 மரக்கால். தண்ணீருக்குள் காற்று படாமல் இருந்தால் மரம் மக்காது. இதைக் கேட்டு வாயைப் பிளக்கிறார்கள். நம்மூர்க் கிணற்றில் அடியில் நெல்லிப்பலகை போடுவது எதற்கு? எங்கள் தாத்தா போட்ட பலகையைத் தூர் வாரும்போது எடுத்துப் பார்த்தோம், உளி இறங்கவில்லை.

குழித்துறை ஆறு:

போலந்தில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன், வார்சா பக்கம். லீவு நாளில் பழைய நகரச் சதுக்கத்துக்குப் போய் உட்காருவேன். எல்லாம் முன்னூறு நானூறு வருஷத்து வீடுகள் என்று நினைத்திருந்தேன். ஆறு மாசம் கழித்துக் கூட வேலை செய்கிற பெரியவர் சொன்னார், இதெல்லாம் என் வயசு என்று. 1944-ல் ஜெர்மன்காரர்களுக்கு எதிராக ஊர்க்காரர்கள் நடத்திய எழுச்சிக்குப் பிறகு ஜெர்மன்காரர்கள் தெருத்தெருவாக வெடி வைத்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். போர் முடிந்து ஜனங்கள் இடிபாட்டுச் செங்கல்லைப் பொறுக்கி அதையே வைத்து மறுபடி கட்டினார்கள். பெலோட்டோ என்று ஒரு ஓவியர் 18-ஆம் நூற்றாண்டில் தெருக்களை வரைந்து வைத்திருந்தார், எந்த வீட்டுக்கு எந்த ஜன்னல் என்று தெரிய அந்தப் படங்களையும் பார்த்தார்களாம். 1980-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

அன்றைக்கு எனக்கு ஏமாந்த மாதிரி இருந்தது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அது பழைய ஊரா புது ஊரா?

தோவாளைப் பிச்சி:

இதே சண்டை எங்கள் ஹாஸ்டலில் நடக்கும். நான் உஸ்பெகிஸ்தானில், சமர்கண்டில் எம்.பி.பி.எஸ். நாலாம் வருஷம்.

ரெகிஸ்தான் சதுக்கத்தில் மூன்று பக்கமும் மூன்று மதரஸா. உலுக் பேக் கட்டியது 1420-ல் முடிந்தது, மற்ற இரண்டும் 17-ஆம் நூற்றாண்டு. ஒன்றின் வாசல்மேல் புலி, புலி முதுகில் மனித முகத்தோடு சூரியன். நீல ஓடு அப்படிப் பளபளக்கும். முதல் நாள் பார்த்தபோது என் வாயிலிருந்து வந்தது "நேற்றுக் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருக்கே" என்பதுதான். உள்ளே பழைய போட்டோக்கள் மாட்டியிருக்கிறார்கள், அதில் எல்லாம் இடிந்து கிடக்கிறது. பக்கத்தில் பீபி ஹானிம் மசூதி 1897 பூகம்பத்தில் இன்னும் விழுந்தது, அதை சோவியத் காலத்தில் எழுப்பினார்கள். அசல் எது ஒட்டு எது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது பிடிக்கவில்லை.

எனக்குப் பிடித்தது ஊருக்கு வெளியே மேட்டில் உலுக் பேக்கின் வான் ஆய்வுக்கூடம். மேலே ஒன்றும் இல்லை. ராஜாவாக இருந்துகொண்டு 1,018 நட்சத்திரத்துக்கு இடம் குறித்த மனுஷன். 1449-ல் மகன் ஆட்களே தலையை வெட்டினார்கள், கட்டடமும் போயிற்று. 1908-ல் தோண்டியபோது பூமிக்குள் இறங்குகிற பாகம் மட்டும் கிடைத்தது. கதவு வழியாகக் குனிந்து பார்த்தால் பாறைக்குள் வளைந்து இறங்குகிற ஒரு கல் தண்டவாளம், அவ்வளவுதான். யாரும் ஒட்டுப் போடவில்லை. அங்கே நின்றபோதுதான் எனக்குப் பழசு பழசாகத் தெரிந்தது.

அப்புறம் ரொட்டி. சியாப் சந்தையில் வட்ட ரொட்டி, நடுவில் பூ மாதிரி அச்சுக் குத்தியிருக்கும், மினுமினு என்று இருக்கும். கவிழ்த்து வைத்தால் பாட்டிகள் கையைத் தட்டிவிடுவார்கள். இரண்டு தடவை அடி வாங்கியிருக்கிறேன்.

வடசேரி சாயா:

மருத்துவம் படிக்கப் போன பிள்ளை ரொட்டியைக் கவிழ்த்து அடி வாங்கியிருக்கிறது. அம்மாவுக்குத் தெரியுமா மக்ளே?

தக்கலை தச்சன்:

பிச்சி, நீ சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது. குழித்துறைத் தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

கொட்டாரத்தில் பூமுகத்தின் (வாசல் மண்டபம்) உள்கூரையில் 90 பூ செதுக்கியிருக்கிறது, ஒன்று போல் ஒன்று இருக்காது. கல்லில் கட்டியது நிற்கும். மரத்தில் கட்டியது நிற்கவேண்டுமென்றால் உளுத்ததை எடுத்துப் புதுசு வைத்தே ஆகவேண்டும். 400 வருஷத்துக்கு மேல் ஆயிற்று, மழை நம்மூர் மழை, இரண்டு பருவத்திலும் பெய்கிற மழை. ஒரு தூணை மாற்றினால் பாதிப் பழசு, பத்துத் தூணை மாற்றினால் புதுசு என்று எங்கே கோடு போடுவாய்? நான் பார்ப்பது, மாற்றுகிறவனுக்கு முன்னவன் எப்படிப் பொருத்தினான் என்று தெரிந்திருக்கிறதா என்பதைத்தான். ஆணி இல்லாமல் பூட்டிய இடத்தில் ஆணி அடித்துவிட்டுப் போனால் அது கேடு. அதே பூட்டைப் போட்டால் அந்த வீடு நடக்கிறது என்று அர்த்தம். வார்சாவில் செங்கல்லைப் பொறுக்கிக் கட்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தானே? அப்புறம் என்ன புது ஊர்.

கறுப்புத் தரையைச் சொல்லவே வேண்டாம். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக் கரு என்று சேர்மானம் சொல்வார்கள். முகம் தெரிகிற அந்த மினுக்கம் எனக்குக் கைவரவில்லை, முயன்று பார்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் ஒரு கறுப்புத் திட்டு இருக்கிறது, மனைவி அதைக் காட்டி விருந்தாளிகளிடம் சிரிப்பாள்.

தோவாளைப் பிச்சி:

மாமா, மரத்துக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஓட்டுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊருக்கு வரும்போது அந்தத் திண்ணைத் திட்டைப் பார்க்க வருகிறேன்.

முக்கடல் முனை:

கொட்டாரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன், நம்ம மாவட்டத்தில் இருக்கிறது, 1956-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், கொட்டாரம் மட்டும் இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறையிடம், இது எந்த ஊர்...

நிர்வாகி:

அதற்கு வேறு இழை இருக்கிறது, அங்கே 214 பதிவு ஓடியிருக்கிறது. இங்கே வேண்டாம்.

குளச்சல் கரை:

கோட்டாற்று அக்கா சொன்னதைப் படித்ததிலிருந்து ஒரே நினைப்பு. டிலனாய் புதைத்த இடம் உதயகிரிக் கோட்டைக்குள்தானே இருக்கிறது. 1777-ல் இறந்தார். கல்லறையில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறதாம். நான் ஆம்ஸ்டர்டாமில் அவன் கம்பெனிக் கட்டடத்தைத் தேடி ஒரு நாள் முழுக்க நடந்தவன். புலியூர்க்குறிச்சி வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்பேன், கல்லூரிக்கு மூன்று வருஷம் தினமும் போக வர. ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

முட்டம் மாலுமி:

உனக்காவது பஸ். நான் பைக்கில் போயிருக்கிறேன், நிறுத்த ஒரு கால் ஊன்றினால் போதும். நானும் உள்ளே போனதில்லை.

கோட்டாற்றுக்காரி:

நான் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை போனது. மான் பார்த்த ஞாபகம்தான் இருக்கிறது, கல்லறை ஞாபகம் இல்லை.

வேளிமலை நிழல்:

என் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். சின்னதில் பந்து பொறுக்கப் போயிருக்கிறேன். கூரை இல்லாத கோயில், உள்ளே தரையில் கல்லறைக் கல். அவர் பக்கத்திலேயே மனைவிக்கும் மகனுக்கும். தமிழ் எழுத்தை விரலால் தடவிப் பார்த்ததுண்டு, வாசித்ததில்லை. குளச்சல் தம்பி லீவுக்கு எப்போது வருகிறாய்?

குளச்சல் கரை:

அடுத்த மாசம் 12-ம் தேதி. இரண்டு வாரம் இருப்பேன்.

வேளிமலை நிழல்:

அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உதயகிரி வாசல். வருகிறவர்கள் சொல்லுங்கள். முடித்துவிட்டு எங்கள் வீட்டில் மரச்சீனியும் சாளைக்கறியும். வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டேன், எத்தனை பேர் என்று முன்னாலேயே சொல்ல வேண்டுமாம்.

தக்கலை தச்சன்:

நான் வருகிறேன். அப்படியே கொட்டாரத்துக்கும் போய்விடலாம், பூமுகத்தைக் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமையே போகவேண்டும், திங்கள்கிழமை அடைப்பு.

வடசேரி சாயா:

நானும் உண்டு. நான் போகிற முதல் சரித்திரப் பயணம், பஸ் டிக்கெட்டை யாரும் எடுக்க வேண்டாம். சாளைக்கறிக்கு ஒரு ஆள் கூட்டிச் சொல்லுங்கள், என் தம்பியும் வருகிறான்.